கூட இயலாத காலத்தில் கிறிஸ்தவர் வழிபாடு

(திருவல்லிக்கேணியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தின் கூட்டங்களில் மாணவர் உபகாரச் சம்பளம், விவாகச் செலவைக் குறைத்தல், விதவைகளின் சகாய நிதி முதலிய விஷயங்களே பெரும்பாலும் பேசப்படுவது வழக்கம். இம்முறை சமய சம்பந்தமாக ஏதேனும் ஒன்று பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் நமக்குக் கட்டளையிட்டார்கள். நம் குலத்தாரில் பார்த்தசாரதிப் பெருமாளைச் சேவிக்கும் குடும்பங்களும் உண்டு; நம்மைப்போல் நாலு தலைமுறையாய்க் கிறிஸ்து மார்க்கத்தில் நிற்கும் குடும்பங்களும் உண்டு. கலியாணத்திற்கும் துக்கத்திற்கும் ஒருவர் வாசலில் மற்றவர் வந்து நிற்கத் தவறியதில்லை. அப்படிப்பட்ட பொதுச் சபையில் ஒரு சாராருடைய வழிபாட்டைப்பற்றி மட்டும் பேசுதல் முறையோ என்று யோசித்தோம். ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி எல்லாருக்கும் பொதுவானதே. பலர் ஒன்றுகூடிச் செய்தற்குரிய ஒரு காரியம், கூடுவதற்கு வழியில்லாத காலத்தில் அழியாமல் நிற்பது எவ்வாறு? இதுவே அந்தக் கேள்வி.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25 ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கியதை இங்குள்ளோர் ஒருவரும் மறந்திருக்கமாட்டீர்கள். பெரிய தெருவில் பட்டப்பகலில் மாடு நடுவீதியிற் படுத்திருக்கும்; எழுப்புவார் இல்லை. பெருமாள் கோவில் கதவும், வாலாஜா பள்ளிவாசலின் கதவும், சாந்தோம் கோவிலின் கதவும் ஒரே காலத்தில் ஜனங்களுக்கு அடைபட்டன. சித்திரைத் தேர் வீதிக்கு வரவில்லை. முகம்மதிய சகோதரர்கள் ரமலான் தொழுகையை வீட்டிலேயே நிறைவேற்றினார்கள். கிறிஸ்தவர்களுக்கோ அவ்வடைப்பு வருஷத்தின் மிகப் பெரிய வாரத்திலேயே வந்து வாய்த்தது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. 10 பெரிய வெள்ளி. 12 உயிர்த்த ஞாயிறு. குருத்தோலை ஏந்தி வீதிவலம் வருவாரில்லை. சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நிற்பாரில்லை. பாஸ்கா இரவில் ஒருவர் மெழுகுவர்த்தியிலிருந்து மற்றொருவர் பற்றவைத்துக்கொள்வாரில்லை. ரோமாபுரியில் மார்ச்சு 27 ஆம் தேதி மாலை மழை பெய்துகொண்டிருக்க, போப்பரசர் பிரான்சிஸ் ஆளற்ற பெருஞ் சதுக்கத்தில் தனியே நின்று ஜெபித்ததைப் படத்திற் கண்டோம். தமிழ்நாட்டில் வழிபாட்டு ஸ்தலங்கள் எல்லாம் செப்டம்பர் 1 ஆம் தேதிதான் திறக்கப்பட்டன. மறு வருஷம் ஏப்ரல் 26 முதல் ஜூலை 5 வரையில் மீண்டும் ஓர் அடைப்பு வந்தது.

பெருமாளைச் சேவிக்கும் நம் உறவினர் ஒருவர் அப்பொழுது தொலைபேசியில் நம்மைக் கேட்டார்: “வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டால் போதாதோ? உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விசனம்?” நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் மேலே செல்வது கூடாது. கிறிஸ்து மார்க்கத்தில் வீட்டு ஜெபம் உண்டு, அது பழமையானது, ஆனால் அது முழுமையன்று. சபை என்ற பெயருக்கே கூட்டம் என்பது பொருள். அப்பத்தைப் பிட்டுப் பகிர்தல் ஒருவன் தனக்குத் தானே செய்துகொள்ளக் கூடிய சடங்கன்று. கொடுப்பவர் ஒருவரும் வாங்குவோர் பலரும் வேண்டும். ஞானஸ்நானத்தை ஒருவன் தானே பெற்றுக்கொள்ள முடியாது. மரித்தவன் தன்னைத் தானே அடக்கம் செய்துகொள்வதும் இல்லை. ஆகவே கதவு அடைபட்டபோது கிறிஸ்தவன் இழந்தது ஒரு கட்டிடத்தை மாத்திரமன்று.

அடக்கம் என்று சொன்னோம். அந்நாட்களில் இப்பட்டணத்து ஜனங்களின் நெஞ்சை மிகவும் அறுத்த செய்தி அதைப்பற்றியதே. 2020 ஏப்ரல் 19 ஆம் தேதி, நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து அந்நோயாலேயே உயிர் நீத்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்ய ஏற்பாடாயிற்று. நோய் பரவுமென்ற வீண் பயத்தால் அப்பகுதியார் எதிர்த்தார்கள். வேலங்காட்டிற்குக் கொண்டுபோனபோது ஒரு கூட்டம் கல்லால் அடித்து வண்டியின் கண்ணாடியை உடைத்தது. இரவில் அவருடைய தோழரான மற்றொரு மருத்துவர் ஆஸ்பத்திரி ஊழியர் இருவரோடு திரும்பிவந்து, தம் கையால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். மனைவியும் பிள்ளையும் அருகில் இல்லை, பாட்டில்லை, மணியில்லை. 2021 மார்ச்சு மாதம் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுடலைக் கீழ்ப்பாக்கத்திற்கு மாற்றி அடக்கஞ் செய்யலாமென்று உத்தரவிட்டது. அந்த இரவில் மண்வெட்டி பிடித்த அத்தோழரின் கைகளே அன்று சபையாக நின்றன என்பது நம் அபிப்பிராயம்.

இனி, இப்படி ஒரு நிலைமை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அதுவே முதன்முறையோ எனில், அன்று. 1942 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியர் படை வருகிறதென்ற அச்சத்தால் இப்பட்டணமே காலியானதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அது சில மாதத்துச் செய்தி. நாம் ஆராயவேண்டியது வருஷக்கணக்காய் நீடித்த அடைப்பு. அதற்குக் கடல் கடந்து ஈழத்திற்குச் செல்லவேண்டும். அங்கே அடைப்பை உண்டாக்கியவர்கள் ஒல்லாந்தர். அவர்களை நம் பேட்டையும் அறியும்: 1672 முதல் 1674 வரை சாந்தோமுக்காகப் பிரெஞ்சுக்காரரும் அவர்களும் பொருதபோது, இத் திருவல்லிக்கேணிக் கோவிலுங்கூடப் படைவீரர் தங்கும் அரணாகப் பயன்பட்டது.

ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டில் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரைப் போர்த்துகீசிய ராஜாவின் ஒற்றரென்றே எண்ணினார்கள். ஆகவே குருமார் எல்லாரையும் வெளியேற்றி, குரு ஒருவரை வீட்டில் மறைத்துவைப்பவனுக்கு மரண தண்டனை என்று இலங்கையில் கட்டளை பிறப்பித்தார்கள். கோவில்கள் அவர்கள் வசமாயின. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் விவாகமும் அவர்களுடைய பள்ளிக்கூடத் தோம்பில் பதியப்பட்டாலன்றிச் செல்லுபடியாகா. பதியாவிடில் சொத்துரிமைக்கே மோசம். பலர் பிள்ளையை அங்கே கொண்டுபோய்ப் பெயர் பதிந்துவிட்டு, வீட்டிற்கு வந்து ஜெபமாலையை எடுத்தார்கள். அவர்களை இரட்டை வேடக்காரரென்று இகழ்வோர் உண்டு. பிள்ளைக்கு ஒரு காணித் துண்டாவது மிஞ்சவேண்டுமென்று நினைத்த தகப்பனை இகழ நமக்கு மனம் வரவில்லை.

குருவுமில்லை, பூசையுமில்லை. இந்நிலை சென்றது ஏறக்குறைய 29 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து விவாகமும் செய்துகொண்ட காலம் அது. இக்காலத்தில் அவர்களை நிறுத்தியது எது? இக்கேள்விக்கு விடை 1658 இல் இல்லை. அதற்கு நூறு வருஷத்திற்கு முன்னே உள்ளது.

அர்ச்சியசிஷ்ட சவேரியார் 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழறிந்த சிலரைத் துணைகொண்டு கர்த்தர் ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் தமிழிற் பெயர்த்து, முதலில் தாமே மனப்பாடம் பண்ணி, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஓர் ஊரிற் சில நாள் தங்குவார், பிறகு போய்விடுவார். போகும்போது அவ்வூரார் ஒருவரைக் கணக்கப்பிள்ளை என்ற பெயரால் நியமித்து, நாள்தோறும் ஜெபம் சொல்லிக்கொடுக்கவும், அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கவும் ஏற்பாடு செய்வார். வந்தவர் போய்விடுவார் என்பதை முன்னிட்டே அவர் எல்லாவற்றையும் அமைத்தார். 1545 இல் நம் மயிலைச் சாந்தோமில் சில மாதம் தங்கி, இங்கிருந்தே மலாக்காவுக்குக் கப்பலேறினார். அவருக்குப் பின் அக்கரைக்கு வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578 அக்டோபர் 20 ஆம் தேதி கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற ஜெபப் புஸ்தகத்தை அச்சிட்டு முடித்தார். பக்கம் பதினாறே. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே முதலாவது. தமிழ் அச்சின் பெருமையைப் பேசும்போது அதைச் சொல்லுவோம். ஆனால் அது மடியிற் கட்டிக்கொண்டு போகத்தக்க சிறு நூல் என்பதையும் எண்ணவேண்டும். கோவிலை ஒல்லாந்தர் பூட்டலாம். அந்தப் பதினாறு பக்கத்தை மனப்பாடம் செய்த கிழவியின் வாயை எவ்வாறு பூட்டுவது?

மன்னாருக்கு எதிரே பெருநிலத்தில் மாந்தை என்னும் ஊரிலிருந்து, 1670 ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர்க்கு அஞ்சிய இருபது குடும்பங்கள் தங்கள் கோவிலின் தேவமாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு கண்டி ராஜாவின் எல்லைக்குட்பட்ட காட்டுக்குள் போயின என்பது மரபு. அக்காடே இன்று மருதமடு. அங்கே இன்று ஆகஸ்டு மாதத் திருநாளுக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். தமிழரும் சிங்களவரும் ஒரே முற்றத்திற் சமைத்து உண்கிறார்கள். கூட முடியாதவர்கள் ஓடி ஒளிந்த இடம் கூடுமிடமாயிற்று. யுத்தகாலத்தில் ஆயிரக்கணக்கான அகதிகள் அக்கோவிலைச் சுற்றித் தங்கினார்கள். 1999 நவம்பரில் எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்தோர் பலர் அங்கேயே மாண்டார்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அச்சொரூபம் மறுபடியும் தூக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. அவ்வருஷம் ஆகஸ்டில் திரும்பி வந்தது. முந்நூற்று முப்பது வருஷத்திற்கு முன் முன்னோர் செய்ததையே பேரப்பிள்ளைகளும் செய்தார்கள்.

யாழ்ப்பாணத்திற்குத் திரும்புவோம். 1687 ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த கொங்கணக் குருவான ஜோசப் வாஸ் அடிகளார், ஜான் என்ற ஏவலாளனோடு தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். பிச்சைக்காரன் வேஷம், இடுப்பில் ஒரு துணி. யாரிடம் போய், நீ கத்தோலிக்கனா என்று கேட்பது? கேட்டால் தலை போகும். கேட்கப்பட்டவன் தலையும் போகும். அவர் ஒன்று செய்தார். ஒரு ஜெபமாலையைக் கழுத்திலே வெளிப்படையாக அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். அரிசி போட வந்தவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். சில வீடுகளில் கண் அந்த மாலையில் நின்றது. 29 ஆண்டு குருவைக் காணாத வீட்டில் ஜெபமாலை இன்னதென்று தெரிந்த கண் இருந்தது! தாய் சொல்லிக்கொடுத்தாலன்றி அது தெரிந்திருக்குமோ? பின்னர் இரவுதோறும் வீடுகளிற் பூசை நடந்தது. 1689 கிறிஸ்துமஸ் இரவில் ஒல்லாந்தர் சோதனையிட்டுக் கூடியிருந்தவர்களைப் பிடித்தார்கள். சிலர் விலங்கிடப்பட்டு வேலைக்கு ஏவப்பட்டார்கள். அடிகளார் தப்பிக் கண்டிக்குச் சென்றார்; அங்கே ஒற்றனென்று சிறைப்பட்டு, பிறகு ராஜாவின் மதிப்பைப் பெற்று, 1711 ஜனவரி 16 ஆம் தேதி அங்கேயே காலஞ் சென்றார். 2015 ஜனவரி 14 ஆம் தேதி கொழும்பில் போப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார்.

அவர் செய்த ஏற்பாட்டையும் சொல்லவேண்டும். ஒரு குரு வருஷத்தில் ஒரு தரம் வந்தால் அதிகம் என்ற ஊர்களில் மூப்பர் என்றும் அண்ணாவி என்றும் ஊராரையே நியமித்தார். மூப்பர் கோவிற் காரியத்தையும் ஏழைகளையும் பார்ப்பார். அண்ணாவி ஜெபஞ் சொல்லி முன்னின்று நடத்துவார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் நாட்டுக்கூத்துப் பழக்குபவருக்கும் அண்ணாவி என்றே பெயர். மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பவர் இருவரும்! 1705 இல் வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் அவர்களுக்கென்று தமிழிலும் சிங்களத்திலும் ஏராளமான நூல்கள் இயற்றினார்.

இதே சோதனை ஜப்பானில் இன்னும் கடுமையாய் நடந்தது. 1614 இல் அத்தேசமெங்கும் கிறிஸ்து மார்க்கம் தடுக்கப்பட்டது. எஞ்சியிருந்த கடைசிக் குருவும் 1644 இல் கொல்லப்பட்டார். அதற்குப்பின் இருநூறு வருஷத்திற்கு மேல் ஒரு குருவுமில்லை. 1865 மார்ச்சு 17 ஆம் தேதி, நாகசாகியில் அந்நியருக்கென்று கட்டிய புதுக் கோவிலுக்கு உராக்காமி கிராமத்து ஜனங்கள் சிலர் வந்து, பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தேவமாதாவின் சொரூபம் எங்கே என்று மெல்லக் கேட்டார்கள். அவர் திகைத்துப் போனார். அக்கிராமங்களில் மூவகை ஊழியர் இருந்தார்கள்: திருநாட்களின் பஞ்சாங்கத்தைக் காப்பவர் ஒருவர், ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர், வீடு வீடாய்ச் செய்தி சொல்லுபவர் ஒருவர். இன்று பெரிய வெள்ளி என்று அறிந்தாலன்றோ இன்று உபவாசிக்கலாம்? பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாதபோது உத்தம மனஸ்தாபமே போதுமென்று விளக்கும் சிறு நூல் ஒன்று 1603 இலேயே அங்கே எழுதப்பட்டிருந்தது. அதையும் பிரதி செய்து காத்தார்கள். அதை எழுதியவர்களும் சவேரியாரைப்போல் வரப்போவதை முன்னறிந்தவர்களே.

ஒரு நஷ்டமும் உண்டு. அதை மறைப்பது சரியன்று. லத்தீனிலும் போர்த்துகீசிலும் கற்ற ஜெபச் சொற்கள் அங்கே தலைமுறைக்குத் தலைமுறை உருமாறி, கடைசியில் சொல்லுபவருக்கே பொருள் விளங்காத ஒலிகளாயின. குருமார் திரும்பி வந்தபின்னும் ஒரு பகுதியார் அவர்களோடு சேராமல் தம் பழைய வழியிலேயே நின்றுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவ்வளவு நேராதது ஏன்? காலம் குறைவு என்பது ஒன்று. ஜெபம் தாய்மொழியில் இருந்தது என்பது மற்றொன்று. இதையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

2020 க்குத் திரும்பினால், நம் வீடுகளில் நடந்ததென்ன? மாதா தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் நாள்தோறும் பூசை கண்டோம். அது பெரிய உபகாரம், ஐயமில்லை. ஆனால் கட்டிலிற் சாய்ந்து காப்பி அருந்திக்கொண்டு பூசை பார்த்தவர்களும் நம்மில் உண்டு. பார்ப்பது வேறு, வழிபடுவது வேறு. எந்த வீட்டில் பாயை விரித்து, விளக்கேற்றி, குறித்த நேரத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்களோ அங்கே திரையும் துணையாயிற்று. மற்ற இடங்களில் அது நாடகமாயிற்று. நம் இல்லத்திற் சொல்லத்தக்க காரியம் ஒன்று நடந்தது. மின்சாரம் நின்று படம் மறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்பது கடந்த பெரிய தாயார் மீதிப் பூசையின் ஜெபங்களைப் புஸ்தகமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்கள். பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் நடுவிலே சொல் தெரியாமல் உதட்டை அசைத்தார்கள். இன்னொரு முப்பது வருஷ அடைப்பு வருமானால் நம் வீட்டிற் கண்கள் ஜெபமாலையில் நிற்குமோ நில்லாவோ? இதை எண்ணியே இவ்விஷயத்தை எடுத்தோம்.

வீட்டு ஜெபம் நன்றாயிருக்கிறது, இனிக் கோவிலுக்கு ஏன் போகவேண்டும் என்பாருக்கும் ஒரு வார்த்தை. தானியேல் தீர்க்கதரிசி பாபிலோனில் வீட்டிலேதான் ஜெபித்தார். ஆனால் எருசலேமை நோக்கிய சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஜெபித்தார். அந்தச் சன்னலே நம்பிக்கை. யாழ்ப்பாணத்தாரும் நாகசாகியாரும் வீடே போதுமென்று இருந்திருந்தால், குரு வந்தபோது அடையாளங் கண்டிருக்கமாட்டார்கள். கூடுதலை விரும்பாத தனி ஜெபம் மெல்ல மெல்லத் தனிமையாய்விடும்.

கூடக் கூடிய காலத்திலேயே கூடாதிருந்ததும் நம் தமிழ்நாட்டு வரலாற்றில் உண்டு என்பதை, இது ஒரு குலச் சங்கமாதலின், சொல்லாமல் விடுவது கோழைத்தனம். வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கோவிலில் ஒரு குலத்தார் மற்றொரு குலத்தாரைக் காணாதபடி நடுவே சுவர் வைத்து இரண்டு கூடங்கள் கட்டினார்கள். 1910 ஆம் ஆண்டளவில் அது இடிக்கப்பட்டபோது பெருங் கலகமே விளைந்தது. ஒல்லாந்தர் வைத்த பூட்டைவிட அச்சுவர் உறுதியாயிருந்தது. நம் சங்கம் உறவினரைச் சேர்க்கும் திண்ணையாய் இருக்கட்டும். கோவிலுக்குள் அதன் நிழல் விழவேண்டா.

இனிக் காரியத்திற்கு வருவோம். ஊரடங்கு நீங்கிவிட்டது, ஆனால் எல்லாருக்கும் நீங்கவில்லை. நம் குலத்துப் பெண்கள் பலர் ஆஸ்பத்திரிகளில் தாதிகளாய் ஞாயிறு முழுவதும் வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் சிலர் சவூதி அரேபியாவில் இருக்கிறார்கள். அங்கே கிறிஸ்தவக் கோவில் கிடையாது, பகிரங்க வழிபாட்டுக்கும் இடமில்லை. மாடிப்படி இறங்க முடியாத முதியோர், வெங்கடரங்கம் பிள்ளைத் தெருவிலும் ஐஸ்ஹவுஸ் பக்கத்திலும், கோவில் மணி காதில் விழும் தூரத்திலேயே அடைபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு 2020 இன்னும் முடியவில்லை. சவேரியாரின் கணக்கப்பிள்ளையும் வாஸ் அடிகளாரின் மூப்பரும் செய்த வேலை இங்கே காலியாயிருக்கிறது.

ஆகவே இரண்டு காரியங்களுக்கு அக்கிராசனாதிபதி அவர்களின் சம்மதத்தைப் பெற்றிருக்கிறோம். வாயிலருகே காரியதரிசி அவர்களின் மேஜைமேல் இரண்டு நோட்டுப் புஸ்தகங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வர இயலாத உங்கள் வீட்டாரின் பெயரையும், அவர்களைப் பார்க்க உகந்த நேரத்தையும் எழுதுங்கள். வெளிநாட்டிலிருப்போர்க்குத் தொலைபேசியில் அழைக்க ஏற்ற நேரத்தைக் குறியுங்கள். மற்றதில், மனப்பாடமாக ஜெபங்களும் கீர்த்தனைகளும் சொல்லவல்ல முதியோரின் பெயரை எழுதுங்கள்; மாணவர்கள் இருவர் இருவராய் வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள். பெருமாளைச் சேவிக்கும் வீட்டாரும் தங்கள் பாட்டிமார் சொல்லும் பாசுரங்களுக்காக இதே புஸ்தகத்தில் எழுதலாம்; பின்பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது. பேனா ஒன்றுதான் உள்ளது. வரிசையாக வரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.